பிரேக்கக்காவின் இரண்டு கார்டுகள்

டிரைவிங் ஸ்கூல் காரில் கற்றுக்கொள்கிறவர் பக்கம் எல்லாமே இருக்கும். ஸ்டியரிங், ஆக்சிலரேட்டர், ஹாரன், பயம், அத்தனையும். கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்தில் காலுக்குக் கீழே ஒரு பிரேக், ஒரு கிளட்ச். அவ்வளவுதான். வண்டியை ஓட வைப்பது யாரோ ஒருவருடைய வேலை. நிறுத்துவது மட்டும்தான் இந்தப் பக்கத்து வேலை.

அந்தப் பக்கத்து இருக்கையில் பாதி ஆயுளைக் கழித்தவர் நம்ம அக்கா. அதனால்தான் அவர் பிரேக்கக்கா. அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி வீட்டுக்கு வழி கேட்டால் தெருவில் யாருக்கும் தெரியாது. பிரேக்கக்கா என்றால் நாலு பேர் கை காட்டுவார்கள். அந்த நாலில் மூன்று பேர் அவரிடம் ஓட்டப் படித்தவர்களாக இருப்பார்கள், ஒருவர் பெயிலானவராக இருப்பார்.

அவர் கால் சும்மா இருக்காது. பஸ்ஸில் போனால் டிரைவருக்கு முன்னால் அவர் பிரேக் போட்டுவிடுவார். டிவியில் கார் துரத்தல் வந்தால் சோபாவுக்கு முன்னால் இருக்கும் பாய் சுருண்டுபோகும். வீட்டுக்காரர் கொதிக்கிற பாலைத் தூக்கிக்கொண்டு வந்தால்கூட அடுப்படியில் அக்காவின் வலது கால் தரையை அழுத்தும். வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பேச்சு குறைவு. "நான் ரெண்டாவது மாடியிலயே நின்னுட்டேன், கால எடு" என்பதுதான் அவருடைய அதிகபட்ச நகைச்சுவை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த, சரியாகச் சொன்னால் நின்று நின்று ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில், ஒருநாள் ஸ்கூல் ஓனர் அக்காவைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் யாரையும் உட்காரச் சொல்கிறவர் இல்லை. அந்த ஆபீசில் இருப்பதே இரண்டு நாற்காலிதான், ஒன்றில் அவருடைய வலிக்கிற முட்டி நீட்டிக்கொண்டிருக்கும். அன்றைக்கு முட்டியை இறக்கிவிட்டு நாற்காலியை நகர்த்தினார். இன்னும் ரெண்டு வருஷம்தான் ஸ்கூலை ஓட்டப்போகிறேன், அதற்கப்புறம் மகள் வீட்டோடு போய்விடுவேன் என்றார். பெரிய ரோட்டில் புதிதாக வந்திருக்கிற டிரைவிங் ஸ்கூல்காரர்கள் போர்டையும் லைசென்ஸையும் விலைக்குக் கேட்கிறார்களாம். ஆனால் அவர்களுக்கு அக்கா தேவையில்லையாம். அவர்களிடம் ஏற்கெனவே ஆள் இருக்கிறதாம்.

"அவங்களுக்குக் குடுக்க எனக்கு மனசில்ல. போர்டு உனக்குத்தான், வர்ற பிள்ளைங்களும் உனக்குத்தான். ஆனா வண்டி மட்டும் நீ பாத்துக்கணும்மா. இது என்னோட சேந்து ரிட்டயர் ஆயிரும்."

அது உண்மை. அந்தக் காரின் பின்கதவைத் தூக்கித்தான் சாத்த வேண்டும். டாஷ்போர்டில் இருக்கும் பெட்டி திறந்து திறந்து விழுவதால் அக்காவின் ரப்பர் பேண்ட் ஒன்று அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது. புதுக் கார் வேண்டும். ரெண்டு பக்கமும் பிரேக் வைத்த புதுக் கார். அதற்கு லோன் வேண்டும்.

அக்கா அதுவரைக்கும் தனக்கென்று எதையும் பெரிதாக ஆசைப்பட்டதில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில், ரோட்டோரம் நின்றிருந்த ஒரு வெள்ளைக் காரின் கூரைமேல் கையை வைத்துப் பார்த்தார். வெயிலில் சுட்டது. கையை எடுக்கவில்லை.

பேங்க்குக்குப் போனால் லோன் மேஜையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? அக்காவிடம் ஓட்டப் படிக்கிற பெண்மணி! ஹாண்ட்பிரேக்கைப் போட்டுக்கொண்டே தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் போய், என்னக்கா வண்டி இழுக்கவே மாட்டேங்குது என்று கேட்டவர். ஏற்கெனவே ஒரு டெஸ்டில் பெயில். காருக்குள் அக்கா எல்லோரையும் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார். இங்கே கண்ணாடி மேஜை, கழுத்தில் அட்டை, முன்னால் வரிசை. அக்காவுக்கு 'மேடம்' என்றுதான் வாய் வந்தது. லோன் மேடத்துக்கும் கூச்சம், அக்காவுக்கும் கூச்சம்.

மேடம் கம்ப்யூட்டரைத் தட்டினார். திரும்பத் தட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அக்கா, உங்க பேர்ல எதுவுமே இல்ல."

"கடன் எதுவும் இல்லல்ல? அதான் நான் சொன்னேனே."

"கடனும் இல்ல, கடன அடைச்ச கதையும் இல்ல. நீங்க நல்லா கட்டுவீங்களா மாட்டீங்களான்னு இந்த மெஷினுக்குத் தெரியல. கிரெடிட் ஸ்கோர்னு ஒரு மார்க் வரணும். உங்களுக்கு அது பூஜ்யம்கூட இல்லக்கா. காலியா இருக்கு."

அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. இத்தனை வருஷத்தில் ஒருத்தரிடம் கை நீட்டியதில்லை. மளிகைக் கடையில்கூடப் பாக்கி வைத்ததில்லை. அதற்குக் கிடைத்த பரிசு இதுவா? கடன் வாங்காதது ஒரு குத்தமா மேடம் என்று கொஞ்சம் குரலை உயர்த்தியே கேட்டுவிட்டார். பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

மேடம் கோபப்படவில்லை. "குத்தம் இல்லக்கா. நான் இதுவரைக்கும் எந்த ஆக்சிடென்டும் பண்ணதில்ல, ஏன்னா வண்டியே ஓட்டுனதில்லன்னு ஒருத்தர் வந்து நின்னா, நீங்க லைசென்ஸுக்குக் கையெழுத்துப் போடுவீங்களா?"

அக்கா போட மாட்டார். சத்தியமாகப் போட மாட்டார்.

மேடமே வழியும் சொன்னார். பேங்க்கில் கொஞ்சம் பணத்தை டெபாசிட்டாகப் போட்டு, அதை ஈடாக வைத்து ஒரு கிரெடிட் கார்டு வாங்குங்கள், கொஞ்ச காலம் ஒழுங்காக நடத்துங்கள், மார்க் தானாக வரும் என்றார். எத்தனை கார்டு வேண்டும் என்று அக்கா கேட்டதற்கு, அதற்கென்று மந்திர எண் எதுவும் கிடையாது, முதலில் ஒன்றை ஓட்டிப் பாருங்கள் என்றார்.

வீட்டில் அன்று சாயங்காலமே பஞ்சாயத்து கூடிவிட்டது. லிஃப்ட் மெக்கானிக்கின் கட்சி, கார்டே வேண்டாம் என்பது. அவரோடு வேலை பார்த்த ஒருவர் கார்டைத் தேய்த்துத் தேய்த்து, கடைசியில் போன் மணி அடித்தாலே மேஜைக்கு அடியில் ஒளிகிற அளவுக்கு ஆகிவிட்டார். அதைக் கண்ணால் பார்த்தவர் இவர். எதிர்க்கட்சி அவருடைய தங்கை, அதாவது அக்காவின் நாத்தனார். மூக்குக் கண்ணாடிக் கடையில் ஃபிரேம் விற்கிறவள். ஒரு முகத்தைப் பார்த்ததும் எந்த ஃபிரேம் என்று சொல்லிவிடுவாள், அந்தத் திறமை எல்லா விஷயத்திலும் தனக்கு உண்டு என்று நம்புகிறவள். பர்ஸைத் திறந்து ஆறு கார்டுகளைச் சீட்டாட்டக்காரி மாதிரி விசிறியாக விரித்துக் காட்டினாள்.

"அண்ணி, இது பெட்ரோலுக்கு. இது துணிக்கு. இது சினிமாவுக்கு. இதுல ஏர்போர்ட்ல சும்மா சோறு போடுவாங்க."

"நீ எப்படி ஏர்போர்ட்டுக்குப் போன?" என்று அண்ணன் கேட்டார்.

"போகல. போனா போடுவாங்க."

முடிவில் அக்கா மேடம் சொன்னபடி ஒன்றை வாங்கினார். நீல நிறம். சின்ன லிமிட். தபாலில் வந்த அன்றைக்கு அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தன் பெயர் எழுத்து எழுத்தாகப் புடைத்திருந்ததைத் தடவினார். யாருக்கும் தெரியாத அந்தச் சொந்தப் பெயர்! அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? அதை ஒரு கவரில் போட்டு, கவரைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, பையைப் புடவைக்கடியில் வைத்து, பீரோவைப் பூட்டிவிட்டார்.

பிரேக்! கார்டு கையில் வந்த நிமிஷமே அழுத்திவிட்டார்! அதுதானே அவருக்குத் தெரிந்தது. கார்டு இருக்கிறது, செலவில்லை, பாக்கியில்லை, இதைவிட ஒழுங்காக யார் நடத்த முடியும் என்று மாதக்கணக்கில் நிம்மதியாக இருந்தார். மார்க் வருகிறதா என்று நாத்தனாரின் போனில் அவ்வப்போது பார்ப்பார். வரவில்லை. வரவே இல்லை.

இதற்கு விடை கிடைத்தது காருக்குள்தான். லோன் மேடம் இரண்டாவது டெஸ்டிலும் பெயிலாகி, கொஞ்ச நாள் வராமல் இருந்து, மறுபடி வந்திருந்தார். மைதானத்துப் பக்கம் ஆளில்லாத ரோடு. மேடம் கிளட்சை விடுவார், ஆக்சிலரேட்டரைத் தொடப் பயந்துகொண்டு காலைத் தூக்கிவிடுவார், வண்டி ஒரு குலுக்கு குலுக்கி அணைந்துவிடும். திரும்ப ஸ்டார்ட். திரும்பக் குலுக்கல். அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"கண்ணு, பயந்து பயந்து கால எடுத்தா வண்டி பத்திரமா இருக்கும்னு நெனைக்கிறீங்க. பத்திரமா இல்ல, செத்துக் கெடக்குது. கொஞ்சூண்டு குடுங்க. தொடர்ந்து குடுங்க. வேணும்கிறப்ப நிறுத்திக்கலாம், அதுக்குத்தான பிரேக்கு இருக்கு."

மேடம் கொஞ்சூண்டு கொடுத்தார். வண்டி பூனை மாதிரி நகர்ந்தது. மேடத்துக்கு ஒரே சந்தோஷம். சந்தோஷத்தில், உங்க கார்டு எப்படிக்கா ஓடுது என்று விசாரித்தார். பீரோவில் பத்திரமாக இருக்கிறது என்று அக்கா சொன்னார். மேடம் அக்காவைத் திரும்பிப் பார்த்தார், ரோட்டைப் பார்க்கவில்லை. அக்காவின் கால் தானாக பிரேக்கை மிதித்தது. வண்டி நின்றது. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். பிறகு, இருக்கை ஆடும் அளவுக்குச் சிரித்தார்கள்.

அன்றே அக்கா பீரோவைத் திறந்தார். ஸ்கூல் காருக்குப் போடுகிற பெட்ரோல் மட்டும் இனி நீலக் கார்டில். ஓனர் கொடுக்கிற பெட்ரோல் காசு அப்படியே தனியாக ஒரு டப்பாவில். பில் வந்ததும் முழுசாகக் கட்டிவிட வேண்டும், ஒரு பைசா பாக்கி வைக்கக் கூடாது. லிமிட் எவ்வளவு இருந்தாலும் அதில் ஒரு ஓரத்தை மட்டும்தான் தொட வேண்டும். கொஞ்சூண்டு, தொடர்ந்து. அக்காவுக்கு இது பிடிபட்டுவிட்டது. மாதங்கள் போயின. ஒரு மத்தியானம் கண்ணாடிக் கடையிலிருந்து நாத்தனார் மூச்சிரைக்கப் போன் செய்தாள். வந்திருச்சு அண்ணி, மார்க் வந்திருச்சு! பிரமாதமான மார்க் ஒன்றும் இல்லை, சுமாரானதுதான். ஆனால் காலியாக இருந்த இடத்தில் ஒரு எண் உட்கார்ந்திருந்தது. அக்கா அன்றைக்கு டீக்கடையில் ஓனருக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார்.

இங்கேதான் வினை ஆரம்பித்தது. நாத்தனார் ஒரு கணக்குப் போட்டாள். ஒரு கார்டே இவ்வளவு மார்க் வாங்கித் தருகிறதென்றால், இன்னும் அஞ்சு வாங்கினால் எவ்வளவு வரும்? கேட்கிறவர்களுக்கு நியாயமாகத்தான் படும். ஓனரின் கெடுவில் பாதிக்குமேல் ஓடிவிட்டிருந்தது வேறு. அக்கா முதல்முறையாக ஆக்சிலரேட்டரில் கால் வைத்தவர் ஆயிற்றே, அழுத்து அழுத்தென்று அழுத்திவிட்டார். ஒரே ஞாயிற்றுக்கிழமை, நாத்தனாரும் அண்ணியும் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அஞ்சு இடத்தில் கார்டுக்கு விண்ணப்பம் போட்டார்கள். மூன்று இடத்தில் மாட்டேன் என்றார்கள். ரெண்டு இடத்தில் கொடுத்தார்கள். ஒன்று பச்சை, வருஷக் கட்டணம் கிடையாது. இன்னொன்று தங்க நிறத்தில் பளபளவென்று, பெரிய லிமிட், பெரிய கட்டணம்.

அடுத்த தடவை பார்த்தபோது மார்க் இறங்கியிருந்தது. நன்றாகவே இறங்கியிருந்தது.

அக்கா அன்றைக்குச் சாப்பிடவில்லை. வீட்டுக்காரர் 'நான் அப்பவே சொன்னேன்' என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, சும்மா தட்டைக் கழுவி வைத்தார், அது இன்னும் வலித்தது. நாத்தனார் அழுதேவிட்டாள். ஆறு கார்டு வைத்திருக்கிறவளுடைய சொந்த மார்க் என்ன என்று அக்கா அப்போதுதான் கேட்டார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, நான் பயந்துக்கிட்டுப் பாக்கறதே இல்ல அண்ணி என்றாள். ஒரு கார்டின் பில் தேதியை இன்னொரு கார்டின் தேதி என்று நினைத்து அவள் கட்டிய அபராதத்திலேயே ஒரு ஏர்போர்ட்டில் நிஜமாகச் சாப்பிட்டிருக்கலாம்.

மறுநாள் வகுப்பில் மேடம் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். வண்டி நின்றுகொண்டிருந்தது, நல்லவேளை. அக்கா, ஒரே நாளில் அஞ்சு பேரிடம் போய்க் கேட்டால், இவங்களுக்கு என்னவோ அவசரம், என்னவோ கஷ்டம் என்றுதானே நினைப்பார்கள், ஒவ்வொரு தடவை கேட்பதும் பதிவாகும், இனிமேல் கொஞ்ச காலத்துக்கு யாரிடமும் கேட்காதீர்கள், அது தானாக ஆறிவிடும் என்றார். சரி, இப்போது கையில் மூன்று இருக்கிறதே, எத்தனையை வைத்துக்கொள்ள என்று அக்கா கேட்டார்.

"எத்தனைய உங்களால கவனிக்க முடியும்னு நீங்கதான் சொல்லணும்."

கவனம் என்ற சொல் அக்காவை எங்கேயோ தொட்டுவிட்டது. வகுப்பு முடிந்து மேடம் இறங்கிப் போனதும், காருக்குள் தனியாக உட்கார்ந்தார். உள்ளே ஒரு கண்ணாடி, வெளியே பக்கத்துக்கு ஒன்று. ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் நாள் பாடமே இதுதான். பார்க்காத கண்ணாடி வெறும் கண்ணாடித் துண்டுதான், அது பின்னால் வர்ற லாரியை நிறுத்தாது. முன்பு ஒருவர் தன் வண்டியில் ஏழெட்டுக் கண்ணாடி ஒட்டிக்கொண்டு வந்தார், எதைப் பார்ப்பது என்று குழம்பி நேராகக் கம்பத்தில் மோதினார். கண்ணாடியே இல்லாமல் ஓட்டுகிறவர் ஒரு ரகம் என்றால், அது பீரோ காலத்து அக்கா. ஏழெட்டை ஒட்டிக்கொண்டவர் இன்னொரு ரகம். அது ஞாயிற்றுக்கிழமை அக்கா.

ஒரே பார்வையில் தனக்கு எத்தனை அடங்கும்? அக்கா நேர்மையாக யோசித்தார். பெட்ரோலுக்கு ஒன்று, வீட்டு கரண்ட் பில்லுக்கும் போனுக்கும் ஒன்று. ரெண்டு. மூன்றாவதற்கு வேலையே இல்லை, வேலையில்லாத ஒன்றை யாரும் கவனிக்க மாட்டார்கள். முடிந்தது தீர்மானம்.

அடுத்தது, எதை விடுவது? நாத்தனார் நீலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னாள். சின்ன லிமிட், பார்க்கவும் அழகில்லை, தங்கத்தை வைத்துக்கொள்ளுங்கள் அண்ணி, உங்க கலருக்கு எடுப்பாக இருக்கும் என்றாள். பழைய கார்டுதான் உங்கள் பழக்கத்தை அதிக நாள் பார்த்த கார்டு, அதை மூடாதீர்கள் என்று மேடம் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தார். கட்டணம் கேட்கிற தங்கம் போனது. நீலமும் பச்சையும் நின்றன. நாத்தனாருக்கு மனசே இல்லை. ஆனால் ஒரு வாரம் கழித்துத் தன் ஆறில் நாலை அவளும் ஒவ்வொன்றாக அடைத்து மூடினாள். ஏர்போர்ட் கார்டை மட்டும் மூடும் முன்னால் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் நடந்தது பெரிய கதை இல்லை. ஒன்றுமே நடக்காதபடி அக்கா பார்த்துக்கொண்டார், அதுதான் பெருமை. பெட்ரோல், பில், கட்டு. கரண்ட், பில், கட்டு. மார்க் மெல்ல மேலே ஏறியது. ஓனர் நாட்காட்டியைப் பார்க்க ஆரம்பித்தார். பெரிய ரோட்டுக்காரர்கள் மறுபடி ஆள் அனுப்பினார்கள். இன்னும் ஒரு மாசம் பொறுங்கள் என்று ஓனர் அவர்களுக்கும் சொன்னார், அக்காவுக்கும் சொன்னார்.

அந்தக் கடைசி மாதத்தில்தான் லிஃப்ட் மெக்கானிக் களத்தில் இறங்கினார்!

அன்று மேடத்துக்கு மூன்றாவது டெஸ்டுக்கு முந்தைய வகுப்பு. கடைத்தெரு. மேடத்தின் நெற்றியெல்லாம் வேர்வை. வகுப்பு நடக்கும்போது அக்கா போனைத் தொடுவதே இல்லை, அது சட்டம். கதவுப் பையில் கிடந்த போன் அடித்தது. நின்றது. திரும்ப அடித்தது. திரும்பவும். வீட்டில் என்னவோ என்று அக்காவுக்குத் தோன்றியது. கண்ணு, ஓரம் கட்டுங்க என்றார்.

போனை எடுத்தால் மறுமுனையில் வீட்டுக்காரர். பின்னால் லிஃப்ட் மோட்டார் ஓடுகிற சத்தம்.

"உன் போனுக்கு இப்ப ஒரு ஆறு நம்பர் வந்திருக்கும் பாரு. அத சொல்லு."

"எதுக்குங்க?"

"சொல்லேன்."

"எதுக்குன்னு சொன்னாத்தான் சொல்லுவேன்."

மனுஷன் வெட்கத்தோடு விஷயத்தைச் சொன்னார். மூணு ரெண்டானதும் மார்க் ஏறிச்சு இல்லையா, ரெண்டு ஒண்ணானா இன்னும் ஏறும்தானே, உன் லோனுக்கு என்னால ஆனது, அந்த நீலத்த மூடச் சொல்லி பேங்க்குக்குப் போன் போட்டிருக்கேன், லைன்ல நிக்கறாங்க, அந்த நம்பர் மட்டும் வேணுமாம் என்றார். கார்டே வேண்டாம் என்ற மனுஷன், உச்சி மாடி மோட்டார் அறையில் வேலையை நிறுத்திவிட்டு, பொண்டாட்டிக்காகக் கார்டு கணக்கு போட்டுக்கொண்டிருக்கிறார்!

அக்காவின் வலது கால் பிரேக்கை மிதித்த மிதியில் தரை அதிர்ந்தது. வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது.

"ஏங்க, அத மூடாதீங்க. அவங்ககிட்ட வேணாம்னு சொல்லிட்டு வைங்க. நம்மள யாருன்னே தெரியாதப்ப மொத மொத நம்பிக் குடுத்த கார்டுங்க அது."

"சரி, வேணாம்னு சொல்லிடறேன்" என்றது மறுமுனை. "கோவமா?"

"இல்ல. ராத்திரி பச்சக் கார்டுல உங்களுக்கு ஒரு நல்ல டார்ச் லைட் வாங்கித் தரேன்."

போனை வைத்தபோது அக்காவுக்குக் கண் கலங்கியிருந்தது. அதைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவர் வெளியே பார்த்தார். கதவைத் திறந்து இறங்கியே பார்த்தார். முன்னால் ஒரு காய்கறி வேன், பின்னால் ஒரு தண்ணீர் வேன், நடுவில் இவர்கள் கார், நடைபாதையை ஒட்டி, கோடு போட்ட மாதிரி நின்றது. ஓரம் கட்டியபோது அக்கா ஸ்டியரிங்கைத் தொடவில்லை. பிரேக்கையும் தொடவில்லை. போன் சத்தத்தில் யாருக்கும் அது தோன்றவே இல்லை.

"கண்ணு, இத யாரு நிறுத்துனது?"

மேடம் ரெண்டு பக்கக் கண்ணாடியையும் பார்த்தார். தன் கைகளைப் பார்த்தார். "நானாக்கா?" என்றார். ரெண்டு டெஸ்டிலும் அவரைப் பெயிலாக்கியது இப்படி ரெண்டு வண்டிக்கு நடுவில் வண்டியை விடுகிற வேலைதான். காய்கறி வேன்காரர் என்ன ஏதென்று புரியாமலேயே ஒரு கேரட்டை நீட்டினார்.

மேடம் டெஸ்டில் பாஸ். அந்த வாரமே அக்கா லோனுக்கு எழுதிக் கொடுத்தார். தனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் என்பதால் மேடம் அந்த ஃபைலைப் பக்கத்து மேஜைக்காரரிடம் தள்ளிவிட்டார், தான் தொடவே இல்லை. முன்பு அக்கா குரலை உயர்த்தியபோது திரும்பிப் பார்த்தாரே, அவரேதான். அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, ஏற்றிவிட்டு, கம்ப்யூட்டரைப் பார்த்தார். அக்காவின் கால் மேஜைக்கு அடியில் அழுத்திக்கொண்டே இருந்தது. ரெண்டு கார்டு, ஒரு நாள்கூடத் தவறாமல் கட்டியிருக்கிறீர்கள், ஓரத்தை மட்டும்தான் தொட்டிருக்கிறீர்கள், நல்ல மார்க் என்று சொல்லிவிட்டு அவர் பேனாவை நீட்டினார்.

அக்கா தன் சொந்தப் பெயரை எழுதினார். முழுசாக, இனிஷியலோடு. நிமிர்ந்தபோது அடுத்த மேஜையிலிருந்து மேடம் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை அக்காவுக்கு மேடம் என்று வாய் வரவில்லை.

"வந்திருச்சு கண்ணு" என்றார், அத்தனை பேர் முன்னாலும்.

ஓனர் போர்டைத் துடைத்துக் கொடுத்தார். பெரிய ரோட்டுக்காரர்களுக்கு அவரே போன் போட்டு, வாங்க வேண்டாம், ஆள் கிடைத்துவிட்டது என்று சொன்னார். சொல்லிவிட்டு இன்னொரு நாற்காலியில் முட்டியை நீட்டிக்கொண்டு ஒரு பாட்டு முணுமுணுத்தார்.

வெள்ளைக் கார் வந்தது. ரெண்டாவது பிரேக்கைப் பொருத்தி முடித்த பட்டறைக்கு மூன்று பேரும் போனார்கள். நாத்தனார் பின் சீட்டில் ஏறி, கதவைத் தூக்காமலேயே சாத்த முடிகிறதே என்று மூன்று முறை சாத்திப் பார்த்தாள். லிஃப்ட் மெக்கானிக் டிரைவர் பக்கத்துக்கு எதிர்ப் பக்கம் ஏறினார். அக்கா இத்தனை வருஷம் உட்கார்ந்த பக்கம் அது. கீழே பார்த்துவிட்டு அங்கே ஒரு பிரேக் இருப்பதைக் கண்டார்.

அக்கா டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். உள்கண்ணாடியைச் சரிசெய்தார். இந்தப் பக்கக் கண்ணாடி, அந்தப் பக்கக் கண்ணாடி. கிளட்சை விட்டார். வண்டி பட்டறை வாசலைத் தாண்டியது. ரோட்டுக்கு வருவதற்குள் சடக்கென்று நின்றது. நாத்தனாரின் நெற்றி முன் சீட்டில் இடித்தது.

அக்கா மெதுவாகத் திரும்பினார். "ஏங்க, கால எடுங்க."

"பஸ் வந்துச்சு."

"அது அடுத்த தெருவுல வருது. கால எடுங்க."

மனுஷன் ரெண்டு காலையும் தூக்கி, சீட்டின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார், பெல்ட்டோடு சேர்த்து. பின்னால் நாத்தனார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சிரித்தாள். அக்கா மூன்று கண்ணாடியையும் ஒரு முறை பார்த்தார். ரோடு காலியாக, நீளமாகக் கிடந்தது. வலது காலைப் பிரேக்கிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தார். கொஞ்சூண்டு கொடுத்தார். அப்புறம் இன்னும் கொஞ்சம்.